ஞாயிற்றுக்கிழமைக் கெட்டிக்காரர்

ஞாயிற்றுக்கிழமைகளில் அவரைப் போல ஒரு கெட்டிக்காரர் உலகத்திலேயே கிடையாது. காலை எட்டு மணிக்கு மாத்திரையைப் போட்டால் ஒன்பது மணிக்கெல்லாம் ஆளே மாறிவிடுவார். ஒரு ஞாயிறு வீட்டில் கிடந்த ஆணி, திருகாணி அத்தனையையும் கொட்டி, அளவு பார்த்துப் பிரித்து, எட்டு டப்பாக்களில் போட்டு, ஒவ்வொன்றின் மேலும் பெயர் எழுதி ஒட்டினார். அடுத்த ஞாயிறு, மூன்று வருடமாகச் சொட்டிக்கொண்டிருந்த குளியலறைக் குழாயைக் கழற்றிப் பூட்டினார். அதற்கடுத்த ஞாயிறு மனைவியின் அலமாரி பக்கம் போனார். "என் துணிமணியில கை வெச்சீங்க, அப்புறம் நடக்கிறதே வேற" என்று அவள் சொன்னதும்தான் திரும்பினார்.

திங்கட்கிழமையும் அதே மாத்திரைதான், அதே எட்டு மணிதான். ஆனால் பத்து மணிக்கு வேலையிடத்தில் பேனாவைத் தேடுவார். அது காதுமேல் இருக்கும். எடுத்தபிறகு எதற்குத் தேடினோம் என்பது மறந்திருக்கும்.

அவர் ஒரு பழச்சாறு ஆலையில் ருசி பார்க்கிறவர். சாறு தொட்டியிலிருந்து பாட்டிலுக்குப் போகுமுன் அவர் நாக்கைக் கடந்துதான் போகவேண்டும். பத்தொன்பது வருடமாக இதுதான் பிழைப்பு. ஒவ்வொரு வாய்க்கும் 'டப்' என்று ஒரு சத்தம் விடுவார் என்பதால் ஆலை முழுக்க அவருக்குச் சப்புக்கொட்டி என்று பெயர். முன்னால் 'சார்' என்பார்கள். முதுகு திரும்பினால் சப்புக்கொட்டி. அவருக்கு அது தெரியும். உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையும் உண்டு. படிப்பு ஏறாத, வண்டியை எடுத்தால் சுவரில் முட்டுகிற, கடைக்குப் போனால் பையை அங்கேயே வைத்துவிட்டு வருகிற ஓர் ஆளுக்கு ஆண்டவன் பாவம் பார்த்துக் கொடுத்த ஒரே உருப்படியான உறுப்பு அந்த நாக்குதான்.

நாக்குக்கு என்றைக்கும் குறை வந்ததில்லை. குறையெல்லாம் தாளில்தான். ருசி பார்த்ததைத் தாளில் எழுதவேண்டும்: தொட்டி எண், நேரம், இனிப்பு, புளிப்பு, மணம், பின்சுவை, கடைசியில் 'விடலாம்' அல்லது 'நிறுத்து'. அவர் நான்காம் தொட்டியைக் குடித்துவிட்டுப் பதினான்காம் வரியில் எழுதுவார். நேரத்தை இனிப்புக் கட்டத்தில் போடுவார். இரண்டு மாதம் முன்பு இப்படித்தான் 'நிறுத்து' என்று எழுதவேண்டிய தொட்டிக்கு 'விடலாம்' எழுதிவிட்டார். சர்க்கரையே சேராத எலுமிச்சைச் சாறு ஒரு லாரி நிறையக் கிளம்பிப்போய், குடித்தவர்கள் முகத்தைக் கோணிக்கொண்டு திட்ட, அத்தனையும் திரும்பி வந்தது.

மேலாளர் அம்மா கத்துகிற ரகம் இல்லை. அதுதான் பயம். கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"சார், உங்க நாக்குமேல எனக்குச் சந்தேகமே இல்ல. உங்க தாள்மேலதான். அடுத்த மாசக் கடைசி வரைக்கும் பார்க்கிறேன். அதுக்குள்ள சரியாகலேன்னா ருசி அறையை லேப் அம்மா பார்த்துக்கட்டும். நீங்க கிடங்குல பெட்டி எண்ணப் போகலாம்."

பெட்டி எண்ணுவதாம்! ஏழுக்குமேல் போனால் எண்ணிக்கை தவறிவிடுகிற ஆளை!

அன்றைக்கே அவர் மனைவி அவரை டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். டாக்டர் ஒரு மணி நேரம் கேள்வி கேட்டார். பள்ளிக்கூடக் காலத்திலிருந்து ஆரம்பித்தார். முடிவில், இது சோம்பேறித்தனம் இல்லை, கவனம் ஓரிடத்தில் நிற்காத கோளாறு, சின்ன வயதிலிருந்தே இருந்திருக்கிறது, மருந்து இருக்கிறது என்றார். அதன்பிறகு எப்போது சாப்பிட வேண்டும், எதோடு கூடாது என்றெல்லாம் பொறுமையாகச் சொன்னார். சொன்னார் என்று இப்போது தெரிகிறது. அந்த நேரத்தில் இவர், மேலே சுற்றுகிற மின்விசிறிக்கு மூன்று இறக்கையா நாலா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

மாத்திரைப் பெட்டிக்குள் பொடி எழுத்தில் ஒரு நீளத் தாள் இருந்தது. விரித்தால் மேசையை மூடும். முதல் இரண்டு வரியைப் படித்தார். இதைக் கடைசிவரை படிக்கிற பொறுமை இருந்தால் இந்த மாத்திரையே தேவையில்லையே என்று தோன்றியது. மடித்து, ஆடிக்கொண்டிருந்த சாப்பாட்டு மேசையின் காலுக்கு முட்டுக்கொடுத்தார். மேசை ஆடுவது நின்றது. மருந்தால் கிடைத்த முதல் பலன் அதுதான்.

ஐந்து வாரம் ஓடிவிட்டது. ஞாயிறு சூரன், மற்ற நாள் சூனியம். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதையாக அவர் முதலில் ஆலையைக் குறை சொன்னார்: குளிர் அதிகம், இயந்திரச் சத்தம், தாளில் கட்டங்கள் சிறிசு. பிறகு மருந்துக்குத் தெம்பு போதவில்லை என்று முடிவுகட்டி, தெம்புக்காக வேலை நாளெல்லாம் ஆலையில் இலவசமாகக் கிடைக்கிற ஆரஞ்சுச் சாற்றில்தான் மாத்திரையை விழுங்கினார்; ஞாயிறு வீட்டில் வெறும் தண்ணீர். பழச்சாற்றைவிட உடம்புக்கு நல்லது எது? எட்டேகாலுக்கு ருசி அறை. வரிசையாக முப்பது நாற்பது சின்னக் காகிதக் கோப்பைகள்: ஆரஞ்சு, எலுமிச்சை, திராட்சை. மற்ற ஆலைகளில் ருசி பார்க்கிறவர்கள் வாயில் வைத்துத் துப்பிவிடுவார்களாம். இவருக்கு அது பிடிக்காது. "துப்பறதுக்கா இத்தனை பேர் பாடுபட்டுப் பிழியறாங்க?" என்பார். ஒரு சொட்டு விடாமல் விழுங்குவார்.

மனைவி தபால் நிலையத்தில் பார்சல் எடைபோடுகிறவள். கிராம் கணக்கு தவறாது, பேச்சும் அப்படித்தான்.

"என்னங்க, எனக்கு ஒண்ணே ஒண்ணு புரியல. ஞாயித்துக்கிழமை வேலை செய்யிற மாத்திரை திங்கக்கிழமை மட்டும் லீவு போடுதா?"

"அதுக்கென்ன பண்றது? வேலைல டென்ஷன்."

"டென்ஷனா? இல்ல, உங்களுக்கு அங்க வேலை செய்ய மனசே இல்லையா?"

நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டுவிட்டாள். கேள்வியைவிட, அவள் சொன்னது சரிதானோ என்று பட்டதுதான் வலித்தது. டாக்டர் கோளாறு என்றார். மருந்து கொடுத்தார். மருந்து வேலை செய்வதும் ஞாயிறன்று கண்ணுக்குத் தெரிகிறது. அப்படியும் அலுவலகத்தில் உருப்படவில்லை என்றால், மிச்சமிருக்கிற குற்றவாளி யார்? சின்ன வயதில் வாத்தியார் வைத்த பெயர் சோம்பேறி. நாற்பத்தாறு வயதில் அதற்கு மருத்துவச் சான்றிதழும் கிடைத்துவிட்டது என்று நினைத்துக்கொண்டார். சிரிப்பு வந்தது. கூடவே அழுகையும் வந்தது.

ஆறாவது ஞாயிறு மைத்துனர் வந்தார். வெறுங்கையோடு வரக்கூடாதே என்று ஆரஞ்சுச் சாறு நாலு பாட்டில் வாங்கிவந்தார். ஆலைக்காரன் வீட்டுக்கு ஆலைச் சாறு! இருந்தாலும் மரியாதைக்கு அவரும் மாத்திரையோடு ஒரு கிளாஸ், பேச்சுவாக்கில் இன்னொன்று, மைத்துனர் வற்புறுத்தியதால் மூன்றாவது என்று குடித்தார். அன்றைக்குப் பத்து மணிக்கு, மைத்துனருக்கு முட்டை பொரிக்கிறேன் என்று அடுப்பில் சட்டியை வைத்துவிட்டு, எண்ணெய் எடுக்கப் போனவர், வழியில் கடிகாரத்துக்கு பேட்டரி மாற்ற ஆரம்பித்து, பேட்டரி தேடி மாடிக்குப் போய், மாடியில் பக்கத்து வீட்டுக்காரரோடு பேசிக்கொண்டிருந்தார். சட்டி கருகிப் புகை மாடிக்கே வந்தது. "யார் வீட்டுலயோ தீயுது சார்" என்று இவரே சொன்னார்.

மைத்துனர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மனைவி சிரிக்கவில்லை. கருகிய சட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"இன்னைக்கு ஞாயிறுதானே?" என்றாள்.

"ஆமா."

"மாத்திரை போட்டீங்களா?"

"உன் கண் முன்னாடிதானே போட்டேன்?"

"அப்போ இன்னைக்கு மட்டும் என்ன புதுசு?" அவள் மேசையைப் பார்த்தாள். காலி கிளாஸ்கள் மூன்று. பாட்டிலைப் பார்த்தாள். பிறகு குனிந்து, மேசைக் காலுக்கடியிலிருந்து அந்தத் தாளை உருவினாள். மேசை மறுபடி ஆடியது. நின்றபடியே விரலை வைத்து வரிவரியாகப் படித்தாள். பாதியில் விரல் நின்றது.

"அடப்பாவி மனுஷா!"

"என்ன?"

"புளிப்பான பழச்சாறு, வைட்டமின் சி, இதெல்லாம் மாத்திரைக்குக் கிட்டத்துல எடுத்துக்கக் கூடாதாம். எடுத்தா மருந்து உடம்புல சரியா சேராதாம், சேர்ந்ததும் சீக்கிரமே வெளிய போயிடுமாம். நீங்க தினமும் எத்தனை கோப்பை குடிக்கிறீங்க?"

"முப்பது... நாற்பது இருக்கும்" என்றார்.

"துப்புவீங்களா?"

"விழுங்குவேன்."

மைத்துனர் சிரிப்பை நிறுத்திவிட்டு நாலாவது பாட்டிலை மெதுவாக மேசைக்கு அடியில் தள்ளினார்.

அவள் அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "மனசில்லையான்னு கேட்டேன்ல, அது தப்புங்க" என்றாள். அவர் பரவாயில்லை என்றுதான் சொல்ல வாயெடுத்தார். விம்மல்தான் வந்தது. ஐந்து வாரமாகத் தன்னைத்தானே என்னவெல்லாம் திட்டிக்கொண்டோம் என்பதை நினைத்துத்தான் அழுதார். அந்த வசவுகளில் பாதிக்காவது ஓர் ஆரஞ்சுப் பழம் பொறுப்பேற்றிருக்கலாம்.

மறுநாள் டாக்டரிடம் தொலைபேசியில் கேட்டார்கள். டாக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டது குரலில் தெரிந்தது. "நான் முதல் நாளே சொன்னேனே சார். நல்லவேளை, மருந்து போதலைன்னு நான் அளவைக் கூட்டல. மாத்திரைக்கு ஒரு மணி நேரம் முன்னாடி, பின்னாடி புளிப்பு வேண்டாம். வெறும் தண்ணியில போடுங்க. காலைல முட்டை மாதிரி ஏதாவது சாப்பிட்டுட்டுப் போடுங்க, இந்த மருந்தால மத்தியானம் பசி எடுக்காது. காபியும் குறைங்க."

இனி வழி தெளிவாகிவிட்டது. காலை ஆறரைக்கு முட்டையும் ரொட்டியும், ஏழுக்கு வெறும் தண்ணீரில் மாத்திரை. ருசி பார்ப்பதைப் பத்து மணிக்குத் தள்ளினார். பத்தொன்பது வருடத்தில் முதல்முறையாகத் துப்பினார். துப்பும்போது பிழிந்தவர்களிடம் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டார்.

தாள் என்றால் தாள்! கட்டம் தாண்டாத எழுத்து, நிமிடம் பிசகாத நேரம், எண்ணுக்கு நேராக எண். மேலாளர் அம்மா தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "இது நீங்க எழுதினதுதானா?" என்றார். மாதக் கடைசிக்கு இன்னும் ஒரு வாரம் இருந்தது. ருசி அறை கைவிட்டுப் போகாது என்று இவர் மனக்கோட்டை கட்ட ஆரம்பித்தார். அது மூன்று நாள் நின்றது.

நாலாம் நாள் லேப் அம்மா அறைக்கு வந்து கதவைச் சாத்தினார். சாற்றின் சர்க்கரையையும் புளிப்பையும் கருவி வைத்து அளக்கிறவர். அவர் கருவியை நம்புகிறவர், இவர் நாக்கை நம்புகிறவர். பத்து வருடமாகச் சண்டையில்லாத போட்டி.

"சார், தப்பா நினைச்சுக்காதீங்க. மூணு நாளா எல்லாத் தொட்டிக்கும் 'நன்று, நன்று, நன்று'ன்னு எழுதியிருக்கீங்க. முன்னெல்லாம் 'தோல் நாத்தம் லேசா இருக்கு', 'நேத்துப் பழம்'னெல்லாம் கிறுக்குவீங்களே. அந்தக் கிறுக்கலைத்தான் நான் படிப்பேன்."

இவர் ஒரு கோப்பையை எடுத்து மறுபடி வாயில் வைத்தார். மருந்து முழுதாகச் சேர்ந்ததில் வாய் உலர்ந்து மேலண்ணத்தில் ஒட்டியது. பசி என்பது மருந்துக்கும் இல்லை. சாறு வந்தது, போனது. இனிப்பு இருந்தது, புளிப்பும் இருந்தது. அதற்குமேல் அது ஒன்றும் சொல்லவில்லை. 'டப்' சத்தம்கூட வரவில்லை.

மனுஷனுக்கு ஒன்றைக் கொடுத்து ஒன்றைப் பிடுங்குவது என்றால் இதுதானா? தாள் எழுத ஆள் வந்துவிட்டான், எழுதுவதற்கு விஷயம் வைத்திருந்த ஆள் போய்விட்டான்.

இதற்குமேல் மறைப்பதில் பிரயோசனமில்லை என்று நேரே மேலாளர் அறைக்குப் போனார். மாத்திரை, கோளாறு, ஆரஞ்சு, கருகிய சட்டி, மேசைக்கால் எல்லாவற்றையும் கொட்டினார். நடுவில் நிறுத்தினால் தைரியம் போய்விடும் என்று மூச்சுவிடாமல் சொன்னார். "அந்த மூணு நாள் தாளை நம்பாதீங்க மேடம். எழுத்து சரி, நாக்கு இல்ல" என்று முடித்தார்.

மேலாளர் அம்மா கண்ணாடியைக் கழற்றினார். அவ்வளவுதான், கிடங்கு என்று இவர் நினைத்தார்.

"ஏன் சார் இத்தனை நாளா சொல்லல?"

"சொன்னா நாக்கை விட்டுட்டு என் மண்டையைப் பார்ப்பீங்களோன்னு பயம் மேடம்."

மேலாளர் அம்மா சிரித்தார். "மூணு நாள் தொட்டியை லேப் அம்மா மறுபடி பார்க்கட்டும். நீங்க நாளையிலிருந்து காலைல ஆறு மணிக்கு வாங்க. மாத்திரை போடாம வாங்க. ருசி பாருங்க, துப்புங்க, வாயில வந்ததைச் சொல்லுங்க. லேப் அம்மா எழுதட்டும். அப்புறம் ஒரு மணி நேரம் விட்டு, சாப்பிட்டு, மாத்திரை போட்டுட்டுப் பத்து மணிக்கு அந்தத் தாளைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போடுங்க. மாசக் கடைசியில பார்ப்போம்."

ஆக ஒரே ஆளுக்குள் இரண்டு பேருக்கு வேலை. டாக்டருக்குத் தொலைபேசி செய்து, மாத்திரையை எட்டரைக்குப் போட்டால் பரவாயில்லையா என்று கேட்டு உறுதிசெய்துகொண்டார்.

ஆறு மணிக்காரன் சுத்தக் கோமாளி. கோப்பையைத் தட்டிவிடுவான், நாலாம் தொட்டியைச் சொல்லும்போதே கதவு கிறீச்சிடுவதைப் பற்றிப் பேசுவான், லேப் அம்மா "சார், தொட்டி! தொட்டி!" என்று இழுத்துப் பிடிப்பார். ஆனால் வாய் ஈரமாக இருக்கும், வயிறு பசிக்கும், 'டப்' சத்தம் அறையே அதிரும். பத்து மணிக்காரன் கண்ணும் கருத்துமாகத் தாளைப் படிப்பான், ஒரு புள்ளியைக்கூட விடமாட்டான். அவனுக்கு ஆறு மணிக்காரனைக் கண்டால் ஆகாது. லாரியை அனுப்பியவன் அவன்தானே!

மாதத்தின் கடைசி நாள் வந்தது. பத்து மணிக்குத் தாளைப் பார்த்தார். மூன்றாம் தொட்டி, ஆரஞ்சு. லேப் அம்மா கையெழுத்தில், இவர் சொன்ன வார்த்தையிலேயே எழுதியிருந்தது: 'பின்னாடி கசப்பு வருது. இப்ப இல்ல, வரும். விதை அரைஞ்சிருக்கு. நிறுத்து.'

அவர் கோப்பையை எடுத்து வாயில் வைத்தார். ஒரு கசப்பும் இல்லை. துப்பினார். தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி வைத்தார். இல்லை.

"கருவியில எல்லாம் சரியாத்தான் சார் இருக்கு" என்றார் லேப் அம்மா. "இந்தக் கசப்பு உடனே தெரியாது, ஒரு ராத்திரி கழிச்சுத்தான் ஏறும். சூடாக்கி வெச்சா சீக்கிரம் தெரியும். ஆனா லாரி வாசல்ல நிக்குது."

மேலாளர் அம்மாவும் வந்துவிட்டார். "விடலாமா சார்? ஒரு தொட்டி நிக்குதுன்னா இன்னைக்குப் பாட்டில் அடைக்கிற மொத்த லைனும் நிக்கும்."

நாற்பத்தாறு வருடத்தில் இப்படித் தெளிவாக யோசித்த நாள் அவருக்குக் கிடையாது. எல்லாம் வரிசையாகத் தெரிந்தது. கருவி சரி என்கிறது. இப்போதைய நாக்கு சரி என்கிறது. தப்பென்று சொல்வது ஒரே ஒருவன். பேனாவைக் காதில் வைத்துக்கொண்டு தேடுகிறவன், அடுப்பில் சட்டியை மறந்தவன். வாத்தியாரும் நம்பவில்லை, ஒரு கட்டத்தில் பெண்டாட்டியும் நம்பவில்லை. எல்லாரையும்விட அதிகமாக நம்பாதவர் இவர்தான். இவன் பேச்சைக் கேட்டு லைனை நிறுத்தி, கசப்பு வராமல் போனால், மாதக் கடைசியில் பெட்டி எண்ணப் போவது இரண்டு பேரும்தான்.

அப்படியும் 'நிறுத்து' என்பதற்கு நேராகக் கையெழுத்துப் போட்டார்.

"நிச்சயமா?" என்றார் மேலாளர் அம்மா.

"எனக்குத் தெரியல மேடம். காலைல வந்த ஆளுக்குத் தெரிஞ்சிருக்கு."

லைன் நின்றது. அத்தனை இயந்திரச் சத்தமும் அடங்கியபோது, வேலை செய்கிறவர்கள் எல்லாரும் ருசி அறைக் கண்ணாடி வழியாக அவரையே பார்த்தார்கள். லேப் அம்மா கொஞ்சம் சாற்றைச் சூடாக்கி மூடிவைத்தார். இவர் மத்தியானம் சாப்பிடவில்லை. மருந்தால் பசி இல்லையா பயத்தாலா என்று அவருக்கே தெரியவில்லை.

மூன்று மணிக்கு மூடியைத் திறந்தார்கள். மேலாளர் அம்மா ஒரு வாய் குடித்தார். ஒரு கணம் ஒன்றுமில்லை. பிறகு முகம் சுருங்கி, ஓடிப்போய்த் துப்பிவிட்டு வந்தார்.

"ஐயோ! வேப்பிலை தோத்துச்சு சார்!"

லேப் அம்மாவும் குடித்துப் பார்த்துத் தலையிலடித்துக்கொண்டார். இவர் ஒரு கோப்பை எடுத்தார். வாயில் வைத்து, நாக்கால் சுழற்றி, கண்ணை மூடிக்கொண்டு நின்றார். லேசாக ஏதோ இருக்கிற மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது.

"கசக்குதா சார்?"

"இல்ல மேடம்" என்றார். கோப்பையை மேசைமேல் வைத்தார். "ஆனா அவன் பொய் சொல்லல."

மேலாளர் அம்மா மறுநாளுக்கான வருகைப் பட்டியலை எடுத்து, ருசி அறைக்கு நேரே அவருடைய பெயரையே எழுதினார். நேரம்: காலை ஆறு மணி.